ஸ்டாக் எஞ்சினுக்கு எந்த அளவு சூப்பர்சார்ஜர்? சென்னை வெயிலையும் சேர்த்து ஒரு கணக்கு

"எம்45 ஒண்ணு கிடைச்சிருக்கு, என் வண்டிக்குப் போடலாமா?" புதிதாக வருகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. எம்45 என்பது ஒரு சூப்பர்சார்ஜர் மாடல்; எஞ்சினின் பெல்ட்டில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. சாமானை வாங்கிவிட்டு அதற்கு எஞ்சினைப் பொருத்தப் பார்ப்பது. அந்த வழியில் போனால் கணக்கு கடைசி வரை உதைக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் உங்கள் ஸ்டாக் எஞ்சின் எவ்வளவு கூடுதல் காற்றைத் தாங்கும் என்பதை முதலில் பாருங்கள். அந்தக் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு சூடு என்பது அடுத்து. இவை முடிவானால் சார்ஜரின் அளவு ஒரு கூட்டல் பெருக்கலில் தானாக வந்துவிடும்.

தொடங்கும் முன் சட்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க இதுவே போதும். ஆகவே கீழே உள்ளதெல்லாம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட ஒதுக்கிய வண்டியை மனதில் வைத்து எழுதியது. தினமும் அலுவலகம் போகும் ஒரே வண்டியில் இதைச் செய்யாதீர்கள். டிராக்குக்குப் போகும் வண்டியும் சென்னை நெரிசலையும் கத்திரி வெயிலையும் கடந்துதான் அங்கே சேர வேண்டும் என்பதால் அந்தக் கணக்கையும் சேர்த்திருக்கிறேன்.

"அளவு" என்று எதைச் சொல்கிறோம்

ரூட்ஸ் வகை (இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும்) சார்ஜருக்கு அளவு என்பது, ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது. ஈட்டன் எம்45இல் உள்ள 45 என்பது கன அங்குலம், ஏறக்குறைய 0.74 லிட்டர். எம்62 என்றால் 1.02 லிட்டர், எம்90 என்றால் 1.47 லிட்டர். ஐசின் ஏஎம்ஆர்500 அரை லிட்டர். டொயோட்டாவின் எஸ்சி12 1.2 லிட்டர், எஸ்சி14 1.4 லிட்டர்.

கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி எவ்வளவு பெரிது என்பது சார்ஜரின் அளவு. எவ்வளவு வேகமாக இறைக்கிறோம் என்பது, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் அளவு. பூஸ்ட், அதாவது வெளிக்காற்றை விடக் கூடுதலாகக் கிடைக்கும் அழுத்தம், இரண்டையும் சேர்த்துத்தான் வரும். "எம்62 போட்டால் எவ்வளவு பூஸ்ட்?" என்று கேட்பதில் பொருளில்லை, எந்தப் புல்லியில், எந்த எஞ்சினில் என்று சொன்னால்தான் பதில் உண்டு.

முதல் படி: எஞ்சினை விசாரியுங்கள்

நான்கு விவரம் வேண்டும்: எத்தனை சிசி, கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது), அதிகபட்ச ஆர்.பி.எம்., இப்போதைய உடல்நிலை. முதல் மூன்றும் காகிதத்தில் கிடைக்கும். நான்காவதற்கு மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்த நிலையில் எடுக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சார்ஜர் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ரிங், வால்வு வேலையை முதலில் பாருங்கள். எண்ணெய் குடிக்கிற எஞ்சினும் அப்படித்தான். சிலிண்டருக்குள் வரும் எண்ணெய் ஆக்டேனைக் குறைத்து, நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் சூட்டில் தானாக வெடிப்பதை, வா வா என்று கூப்பிடும். ஆக்டேன் என்பது அப்படி வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் அளவு.

மீதி மூன்றில் கவனிக்க வேண்டியது கம்ப்ரஷன் விகிதம். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில் கம்பெனியே எம்45 பொருத்தி விற்றது. அதே 1.6 லிட்டர் எஞ்சின் சார்ஜர் இல்லாத மினியில் 10.6 விகிதத்தில் இருந்தது. சார்ஜர் வைத்த எஸ் மாடலில் 8.3க்கு இறக்கினார்கள். சார்ஜர் போடும் கம்பெனி முதலில் பிஸ்டனை மாற்றுகிறது. ஸ்டாக் எஞ்சின் என்று நாம் பிடிவாதமாக இருந்தால் அந்தச் சலுகை நமக்கு இல்லை. இன்று நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 10க்கும் 12க்கும் இடையில் உள்ளவை. உங்களுடையது எங்கே நிற்கிறது என்று தெரிந்தபின்தான் அடுத்த வரி.

இரண்டாம் படி: எவ்வளவு பூஸ்ட்

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 10 முதல் 11 வரை விகிதமுள்ள ஸ்டாக் எஞ்சினுக்கு, இன்டர்கூலரோடு (சார்ஜரிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர வைப்பது) 0.4 பார், அதாவது 6 பி.எஸ்.ஐ.; அதற்கு மேல் வேண்டாம். இன்டர்கூலர் இல்லை என்றால் 0.25 பாரில் நின்றுவிடுங்கள். 12 விகித எஞ்சினில் இதைத் தொடவே வேண்டாம். வேறு வண்டி பாருங்கள். 10 பி.எஸ்.ஐ. ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். டிசம்பர் காலையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதும், மே மதியம் பதினைந்து நிமிடம் தொடர்ந்து மிதிப்பதும் ஒன்றல்ல.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். மைலேஜ் குறைகிறது என்று ஊரே புலம்புகிறது, நியாயம்தான். ஆனால் எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், ஆவியாகும்போது காற்றைக் குளிரவும் வைக்கும். இ20க்கான ஆக்டேன் அளவு 95. முன்பு இருந்த சாதாரண பெட்ரோல் 91. சூப்பர்சார்ஜர் வண்டிக்கு இது உதவி. டிராக் நாளுக்கு எக்ஸ்பி100 (ஆக்டேன் 100 உள்ள பெட்ரோல்) போடலாம், எல்லா பங்கிலும் கிடைக்காது. ஆனால் டியூனிங் செய்யும்போது சாதாரண இ20யில்தான் செய்ய வேண்டும். நல்ல பெட்ரோலுக்கு டியூன் செய்துவிட்டு, அது கிடைக்காத நாளில் சாதாரணத்தை ஊற்றினால் பிஸ்டனின் விளிம்பு உடைந்து வரும். பழைய வண்டியாக இருந்தால் ரப்பர் ஹோஸ்கள் இ20க்குத் தாங்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: சூட்டுக் கணக்கு

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நாம் ஏமாறும் இடம் இதுதான். அவர்கள் 20, 25 டிகிரியில் கணக்கைத் தொடங்குவார்கள்.

நம் மே மாதம் 40 டிகிரி. காற்றை அழுத்தினால் சூடேறும். 0.4 பார் பூஸ்ட் என்றால் அழுத்தம் ஏறக்குறைய 1.39 மடங்கு. நூற்றுக்கு நூறு திறமையான சார்ஜராக இருந்தாலே 31 டிகிரி ஏறிவிடும். பழைய ரூட்ஸ் வகையின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் 56 டிகிரி. ஆக வெளியே வரும் காற்று 96 டிகிரி. சூடான காற்று விரிந்துவிடுவதால், 39 சதவீதம் கூடுதல் அழுத்தம் கொடுத்தும் எஞ்சினுக்குள் கூடுதலாகப் போகும் காற்று 18 சதவீதம்தான். பாதிக்கு மேல் சூட்டில் போய்விட்டது. அந்த 96 டிகிரிக் காற்று நாக்கிங்கையும் கூடவே கூட்டிவரும்.

நல்ல இன்டர்கூலர் வைத்து அதை 55க்குக் கொண்டுவந்தால் கூடுதல் காற்று 30 சதவீதத்தைத் தொடும். அதே சார்ஜர், அதே பூஸ்ட். செலவழிக்கக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் சார்ஜரில் ஒரு அளவைக் குறைத்துக்கொண்டு இன்டர்கூலரை நல்லதாக வாங்குங்கள்.

நம் கடற்கரைப் புழுக்கமும் ஒரு பங்கு கேட்கும். 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் உள்ளே போகும் காற்றில் ஏறக்குறைய 4 சதவீதம் வெறும் நீராவி. ஆக்ஸிஜன் அந்த அளவு குறைவு. டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) ரீடிங் எதிர்பார்த்ததை விடக் கம்மியாக வந்தால் சார்ஜரைச் சந்தேகிக்கும் முன் அன்றைய வானிலையைப் பாருங்கள்.

நான்காம் படி: வாளியின் அளவு

இப்போதுதான் சார்ஜர். எடுத்துக்காட்டுக்கு 1197 சிசி எஞ்சின், அதிகபட்சம் 6000 ஆர்.பி.எம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். எனவே 1.197 × 3000 = நிமிடத்துக்கு 3591 லிட்டர். நிஜத்தில் முழுதாக நிரம்பாது. 85 சதவீதம் என்று வைத்தால் 3050. இதற்கு மேல் 30 சதவீதம் கூடுதல் காற்று வேண்டும், அதாவது 1.3 மடங்கு: ஏறக்குறைய 3970 லிட்டர். சார்ஜர் தள்ள வேண்டியது இவ்வளவு.

சார்ஜரும் தன் முழு அளவைத் தள்ளாது, ரோட்டர் இடுக்கில் கசியும். ஏஎம்ஆர்500 அரை லிட்டரில் 80 சதவீதம் என்றால் சுற்றுக்கு 0.4 லிட்டர். 3970ஐ 0.4ஆல் வகுத்தால் 9900 சுற்று. எஞ்சின் 6000 சுற்றும்போது சார்ஜர் 9900 சுற்ற வேண்டும், விகிதம் 1.65. எஞ்சின் பக்கத்துப் புல்லியான கிராங்க் புல்லி 130 மில்லிமீட்டர் என்றால் சார்ஜர் புல்லி 79. பானெட்டுக்குள் சுலபமாக அடங்கும்.

இதே எஞ்சினுக்கு எம்45 என்றால், கசிவு போகச் சுற்றுக்கு 0.63 லிட்டர், 6300 சுற்று போதும், புல்லி 123 மில்லிமீட்டர். இதுவும் ஓடும். எம்62க்குப் போனால் 4600 சுற்றுதான் தேவை, புல்லி 170 மில்லிமீட்டர்: சாப்பாட்டுத் தட்டு அளவு. நம் சின்ன வண்டிகளின் பானெட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. அது தவிர, மெதுவாகச் சுற்றும் பெரிய ரூட்ஸில் கசிவின் பங்கு கூடும். கீழ் ஆர்.பி.எம்.மில் பூஸ்டே வராமல், எடையை மட்டும் சுமந்துகொண்டு திரியும்.

1.5 லிட்டர், 6500 ஆர்.பி.எம். எஞ்சினுக்கு இதே கணக்கைப் போட்டால் தேவை 5380 லிட்டர். ஏஎம்ஆர்500 இதற்கு 13,400 சுற்ற வேண்டும், விகிதம் 2க்கு மேல். வேண்டாம். அளவுக்கு மீறிச் சுற்றும் சின்ன சார்ஜர் காற்றைத் தள்ளுவதை விட அதைச் சுட வைப்பதில்தான் மும்முரமாக இருக்கும். எம்45 இங்கே 8600 சுற்றோடு, 1.3 விகிதத்தில் கச்சிதமாக உட்காரும்.

அவசரத்துக்கு ஒரு மதிப்பீடு: ரூட்ஸின் ஒரு சுற்று அளவு எஞ்சின் கொள்ளளவில் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். மினியின் 1.6 லிட்டருக்கு எம்45 என்பது 46 சதவீதம். கடைசியில் உங்கள் சார்ஜருக்குத் தயாரிப்பாளர் சொன்ன உச்ச வேகத்தைப் பார்த்து, கணக்கில் வந்த சுற்று அதற்கு 10 சதவீதமாவது கீழே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். தவறான கியர் விழுந்தால் எஞ்சின் மட்டுமல்ல, சார்ஜரும் சேர்ந்து ஓவர்ஸ்பீட் ஆகும்.

1.2 லிட்டருக்கு இரண்டும் ஓடும் என்றால் எது? நான் சின்னதைத்தான் சொல்வேன். எம்45 கையில் இருந்தால் ஆறு மாதத்தில் "இன்னும் சின்னப் புல்லி போட்டால் என்ன" என்று ஒரு யோசனை வரும்; அந்தப் புல்லி ஸ்டாக் கனெக்டிங் ராடுக்கு ஆகாது. ஏஎம்ஆர்500 தன் எல்லையைத் தானே காட்டிவிடும்.

சென்ட்ரிஃப்யூகல் வகை பற்றி

ரோட்ரெக்ஸ், வோர்டெக் போன்றவை டர்போவின் கம்ப்ரஸர் பாதியை பெல்ட்டில் சுற்றுகிற மாதிரி. இவற்றில் பூஸ்ட் ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தோடு ஏறும். 6000இல் 0.4 பார் என்றால் 3000இல் 0.1தான். அண்ணா சாலை சிக்னலில் பிக்கப் எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஆனால் ஸ்டாக் எஞ்சினுக்கு இந்தக் குணம் ஒரு பாதுகாப்பு: கீழ் ஆர்.பி.எம்.மில் அதிக அழுத்தம் வராததால் நாக்கிங் வாய்ப்பும் ராடு மேல் விழும் பாரமும் குறைவு. திறனும் ரூட்ஸை விட மேல், காற்று அவ்வளவு சூடேறாது. அளவு பார்க்கும்போது கன அங்குலக் கணக்கு இங்கே செல்லாது; தயாரிப்பாளர் தரும் திறன் வரைபடமான கம்ப்ரஸர் மேப்பில் உங்கள் காற்றோட்டமும் அழுத்த விகிதமும் சந்திக்கும் புள்ளி, திறன் அதிகமுள்ள நடுத் தீவுக்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விலை கையைக் கடிக்கும். டிராக்குக்கு மட்டும் என்றால், பணம் இருந்தால், இதுதான் என் தேர்வு.

ஐந்தாம் படி: பெட்ரோலும் சென்ஸாரும்

நம் எடுத்துக்காட்டு 1197 சிசி எஞ்சின் 83 பிஎஸ் (குதிரைத்திறன்) தருவது என்று வைத்துக்கொண்டால், அதை 100 பிஎஸ் பக்கம் கொண்டுபோகிறோம். 39 சதவீத அழுத்தம் கொடுத்து 20 சதவீதம்தானா என்று தோன்றும். சூடு ஒரு பங்கு எடுத்தது. சார்ஜரைச் சுற்றவே 4, 5 கிலோவாட் போகிறது. நாக்கிங்கைத் தவிர்க்க இக்னிஷனை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளியதில் இன்னும் கொஞ்சம். இதுதான் நேர்மையான எண்.

105 பிஎஸ் வரை பாதுகாப்பாகக் கொடுக்க, இ20யில், இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறக்காமல் இருக்க, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சிசி தர வேண்டும். உங்களுடையதைக் கழற்றி ஃப்ளோ டெஸ்ட் செய்யுங்கள். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) கிடையாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலின் அழுத்தம் 3 பாரில் நிற்க, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் 0.4 பார் எதிர்த்துத் தள்ளினால் இன்ஜெக்டர் தருவது 7 சதவீதம் குறையும். அதிகம் வேண்டிய நேரத்தில் குறைவு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக் மேப் சென்ஸார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேலே வரைதான் படிக்கும். அதற்கு மேல் பூஸ்ட் வந்தாலும் எஞ்சினின் கணினியான ஈசியுவுக்குத் தெரியாது. 2 பாருக்கு மேல் படிக்கும் சென்ஸார், அதைப் புரிந்துகொள்ளும்படி ஈசியுவைத் திருத்தும் ரீமேப் அல்லது அதோடு சேர்த்து வைக்கும் பிக்கிபேக் கணினி, ஒரு படி கூலான பிளக், 0.7 மில்லிமீட்டர் இடைவெளி: இவை இல்லாமல் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று வெப்ப சென்ஸாரை ஃபில்டர் பக்கம் விட்டுவிடாமல் இன்டர்கூலருக்குப் பின்னால் மாற்றுங்கள். கத்திப்பாராவில் இருபது நிமிடம் நின்றபின் உள்ளே போகும் காற்று என்ன சூட்டில் இருக்கிறது என்று ஈசியுவுக்குத் தெரிந்தால்தான் அது இக்னிஷனைக் குறைக்கும்.

ஆறாம் படி: பொருத்துதல்

நெரிசலில் நிற்கும்போது சார்ஜர் வீணாகக் காற்றைச் சுட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அதற்கு, பூஸ்ட் தேவைப்படாதபோது காற்றைச் சார்ஜரின் முன்பக்கமே திருப்பிவிடும் பைபாஸ் வால்வு. ரூட்ஸில் இது இல்லாத கிட்டை வாங்கவே வாங்காதீர்கள். இன்டர்கூலரை ஏ.சி. கண்டென்ஸருக்கு முன்னால் வைத்தால் ஏ.சி. குளிர்ச்சி குறையும், நம் ஊரில் அது பெரிய விஷயம். முன்பக்கம் இடம் இல்லை என்றால் தண்ணீர் சுற்றும் வகை இன்டர்கூலர் வசதி.

புல்லியை அம்பத்தூர் எஸ்டேட் லேத்துகளில் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். பிகே பெல்ட்டின் வரிகளுக்கு இடையே 3.56 மில்லிமீட்டர், அளவை எழுதிக் கொடுங்கள், பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். சார்ஜர் புல்லியை பெல்ட் பாதிச் சுற்றாவது கட்டிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். அதற்கு பெல்ட்டைத் திருப்பிவிடும் ஒரு ஐட்லர் சக்கரம் சேர்க்க வேண்டி வரும்.

ஏர் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்கும் கிட்டுகள் உண்டு. நல்ல குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மை. ஐப்பசி மழையில் வேளச்சேரி பக்கம் ஒரு முறை போனால் எஞ்சினுக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளையும். ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே ஃபில்டர் வேண்டாம்.

பழைய சார்ஜர் வாங்கும்போது

புதுப்பேட்டையில் எப்போதாவது வெளிநாட்டு வண்டிகளிலிருந்து கழற்றியது வந்து விழும். கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்ற வேண்டும், எங்கும் உரசக் கூடாது. ரோட்டரின் மேல்பூச்சு உதிர்ந்திருந்தால் கசிவு கூடும். முன்பக்கம் கப்ளர் ஆடினால் கடகடவென்று சத்தம் வரும், அது மாற்றக் கூடியது. ரோட்டர் பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் சீல் போயிருக்கிறது, விலையைக் குறைத்துப் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். ஈட்டன் வகைகளில் கியருக்குத் தனி எண்ணெய் உண்டு; அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள், எஞ்சின் ஆயிலையும் ஊற்றாதீர்கள்.

முதல் ஓட்டம்

கணக்கில் வந்ததை விடப் பத்து மில்லிமீட்டர் பெரிய புல்லியில் தொடங்குங்கள். பூஸ்ட் குறைவாக வரும், அதுவே நோக்கம். புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரை லாம்டாவில் படியுங்கள்; லாம்டா 1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலுக்கான 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் இ20க்குச் செல்லாது, அதற்கு 13.5 பக்கம், லாம்டாவில் இந்தக் குழப்பம் இல்லை. முழு பூஸ்டில் 0.82 முதல் 0.85 வரை இருக்க வேண்டும். இக்னிஷனுக்குத் தொடக்கமாக ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி குறைத்துவிட்டு, நாக் சென்ஸார் லாகை (ஓட்டத்தின்போது பதிவான அளவுகளை) பார்த்துத் திருத்துங்கள். மூன்றாம் கியரில் 3000இலிருந்து உச்சம் வரை ஒரு இழுப்பு, லாகைப் படிப்பது, ஆறவிடுவது, மறுபடி ஒன்று. இதை வெயில் ஏறிய மதியத்தில் செய்யுங்கள். அந்த லாக் சுத்தமாக வந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி கரும்புள்ளி, அதாவது நாக்கிங்கின் அடையாளம், இல்லையென்றால் கணக்கில் வந்த புல்லியைப் போடலாம்.